திமிங்கிலச் சுறாவும் அறுபட்ட வலையும்

2001-ஆம் ஆண்டு மே மாதம் 28-ஆம் நாள் இந்திய அரசிதழில் ஓர் அறிவிக்கை வெளியாயிற்று. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாவது அட்டவணையில், புலியும் யானையும் காண்டாமிருகமும் இடம் பெற்றிருந்த அந்த வரிசையில், மீன்களுக்கென ஒரு புதிய பகுதி சேர்க்கப்பட்டது. அதில் முதன்முதலாகப் பொறிக்கப்பட்ட பெயர் திமிங்கிலச் சுறா. நம் நாட்டுச் சட்டத்தில் புலிக்கு நிகரான பாதுகாப்பைப் பெற்ற முதல் மீன் இதுவேயாகும்.

அறிவிக்கை வெளியான புது தில்லிக்கும் அந்த மீன் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டு வந்த சௌராஷ்டிரக் கடற்கரைக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தொலைவு உள்ளது. அரசிதழ் அந்தத் தொலைவை ஒரே நாளில் கடந்துவிடும். ஆனால், நடுக்கடலில் தன் வலைக்குள் சிக்கிய பத்து டன் எடையுள்ள ஓர் உயிரை விடுவிப்பதற்காக, கடன்பட்டு வாங்கிய வலையைத் தானே அறுக்கும் நிலைக்கு ஒரு மீனவர் வருவதற்கு எவ்வளவு காலம் ஆகும்? அதற்கு என்னென்ன தேவைப்படும்? இந்தக் கேள்விகளுக்கு விடை தரக்கூடிய நிகழ்ச்சிகள் நம் நாட்டில் அரிதாகவே உள்ளன. திமிங்கிலச் சுறாவின் வரலாறு அவற்றுள் ஒன்று. ஆட்சிப் பணியில் இருப்போரும் அதற்கு ஆயத்தமாகும் மாணவர்களும் அதனைச் சற்று விரிவாக அறிந்துகொள்வது நலம்.

மீனின் இயல்பு

பெயரில் திமிங்கிலம் இருப்பினும் இது திமிங்கிலம் அன்று. திமிங்கிலம் நுரையீரலால் மூச்சு விட்டுக் குட்டிக்குப் பாலூட்டும் விலங்கு. திமிங்கிலச் சுறாவோ செவுள்களால் மூச்சு விடும் மீன். எலும்புக்குப் பதிலாகக் குருத்தெலும்பால் ஆன உடலமைப்புக் கொண்டது. உலகில் இன்று வாழும் மீன்கள் அனைத்திலும் இதுவே பெரியது. 1983-ஆம் ஆண்டு பம்பாய் கஃப் பரேடு கரைக்குக் கொண்டுவரப்பட்ட ஒன்று 12 மீட்டருக்கு மேல் நீளம் இருந்தது. இதனினும் மிகப் பெரியனவும் உலகின் பல பகுதிகளில் பதிவாகியுள்ளன. 1828-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் டேபிள் வளைகுடாவில் பிடிபட்ட ஒன்றை ஆராய்ந்து ஆண்ட்ரூ ஸ்மித் என்பவர் அறிவியல் உலகுக்கு இதனை முதன்முதலாக அறிமுகப்படுத்தினார். ரிங்கோடான் டைபஸ் என்பது இதன் அறிவியற்பெயர். இராமநாதபுரம் மாவட்ட மீனவர்கள் இதனை அம்மணி உழுவை என்பர்.

சுறா என்றதும் நம் மனத்தில் தோன்றும் கூரிய பற்களும் குருதி வேட்கையும் இதற்கு இல்லை. வாயில் நூற்றுக்கணக்கான பல்வரிசைகள் உண்டு. ஆனால் ஒவ்வொரு பல்லும் அரிசியளவே இருக்கும். இரை தின்பதற்கு அவை பயன்படுவதும் இல்லை. ஒரு மீட்டருக்கு மேல் அகன்ற வாயைத் திறந்தபடி மெல்ல நீந்திச் செல்லும். உள்ளே புகும் நீர் செவுள்களின் வழியே வெளியேறும். நீரில் மிதக்கும் நுண்ணுயிரிகளும் சிறு மீன்களும் மீன்முட்டைகளும் வடிகட்டி போன்ற உறுப்பில் தங்கிவிடும். ஆறு மீட்டர் நீளமுள்ள ஒரு சுறா மணிக்கு ஏறத்தாழ 600 கனமீட்டர் நீரை இவ்வாறு வடிகட்டுகிறது என ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். மனிதரைக் கண்டு விலகுவதும் இல்லை, தாக்குவதும் இல்லை. நீரின் மேற்பரப்பில் மெதுவாகச் செல்லும் இந்தச் சாது குணமே வேட்டைக்காரருக்கு வசதியாயிற்று.

மத்தியதரைக் கடல் நீங்கலாக, உலகின் வெப்பக் கடல்கள் அனைத்திலும் இது உலவுகிறது. மாலத்தீவு, செஷல்ஸ், பிலிப்பைன்ஸ், கலாபகோஸ் முதலிய தீவுகளை அடுத்த நீரில் இதனை அடிக்கடி காணலாம். நம் இலட்சத்தீவு, அந்தமான் நிக்கோபார்க் கடல்களும் இதன் உலாவிடங்களே. சூரை மீன் கூட்டங்களோடு இது சேர்ந்து செல்வதை இலட்சத்தீவு மீனவர்கள் நெடுங்காலமாக அறிவர். பனாமா நாட்டருகே 2011-ஆம் ஆண்டு செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட ஒரு பெண் சுறா, 841 நாட்களில் 20,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, பசிபிக் பெருங்கடலின் மறுபக்கத்திலுள்ள மரியானா அகழி வரை சென்றது. ஆழத்திலும் இது சளைத்ததன்று. 1,900 மீட்டருக்குக் கீழே இறங்கியதாகவும் பதிவுண்டு. இத்தகைய ஓர் உயிரினத்தை எந்த ஒரு நாடும் தனக்கே உரியதெனக் கொள்ள இயலாது; எந்த ஒரு நாடும் தனித்து நின்று காக்கவும் இயலாது.

இதன் இனப்பெருக்கம் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி ஒரே ஒரு மீனிலிருந்து கிடைத்ததாகும். 1995-ஆம் ஆண்டு தைவான் கரையில் பிடிபட்ட ஒரு பெண் சுறாவின் வயிற்றில் 300 கருக்கள் காணப்பட்டன. முட்டைகள் தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரிந்து குட்டிகளாக வெளிவருகின்றன என்பது அப்போதுதான் உறுதியாயிற்று. அக்கருக்களுள் மிகப் பெரியவையும் ஏறத்தாழ அறுபது சென்டிமீட்டர் நீளமே இருந்தன. குட்டி ஈனும் இடம் எது என்பது இன்றும் ஆய்வுக்குரிய பொருளாகவே உள்ளது.

பீப்பாய் வேட்டை

சௌராஷ்டிரத்தை ஒட்டிய கடலில் கண்டத்திட்டு அகன்றது, நுண்ணுயிரிகள் மலிந்தது. ஆகவே ஆண்டுதோறும், குறிப்பாக மார்ச் முதல் மே வரையிலான மாதங்களில், திமிங்கிலச் சுறாக்கள் அங்குத் திரளுகின்றன. வேராவல், மாங்ரோல், சூத்ராபாடா, போர்பந்தர், துவாரகை, ஓகா ஆகிய ஊர்களின் மீனவர்கள் இதனைத் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தனர். தொடக்கத்தில் அவர்களுக்கு வேண்டியிருந்தது இதன் ஈரல் மட்டுமே. ஈரலைக் காய்ச்சி எடுத்த எண்ணெயை மரப்படகுகளின் அடிப்புறத்தில் பூசினால் நீர் புகாது; மரம் மக்காது. நம் கரைகளில் வள்ளங்களுக்கு மீன் எண்ணெய் பூசும் வழக்கம் இருந்ததை இங்கு ஒப்பிடலாம். ஈரல் போக எஞ்சிய உடல் பெரும்பாலும் கடலிலேயே விடப்பட்டது.

1990-களின் தொடக்கத்தில் நிலைமை மாறிற்று. தைவானில் இதன் இறைச்சிக்கு நல்ல வரவேற்பு இருந்தது. வெண்மையும் மென்மையும் கொண்ட அந்த இறைச்சியை அங்குள்ளோர் சோயாக் கட்டிக்கு ஒப்பிட்டு அழைத்தனர். உறைகுளிர் ஆலைகள் வேராவலில் ஏற்கெனவே இருந்தன. ஏற்றுமதி வணிகர் விலை கூறினர். வீணாகப் போய்க்கொண்டிருந்த உடல் பணமாயிற்று. துடுப்பு, தோல், குருத்தெலும்பு அனைத்துக்கும் வாங்குவோர் தோன்றினர்.

வேட்டை முறை எளியது. கயிற்றின் ஒரு முனையில் பெரிய இரும்புக் கொக்கி. மறு முனையில் காற்றடைத்த பிளாஸ்டிக் பீப்பாய். மெல்ல நீந்தும் மீனை நெருங்கிக் கொக்கியை உடலில் ஏற்றுவர். வலியால் மீன் ஆழத்துக்குச் செல்ல முயலும். பீப்பாய்கள் அதனை மேலே இழுக்கும். மணிக்கணக்கில் போராடிச் சோர்ந்த பின்னர், பெரும்பாலும் உயிரோடேயே, கரைக்கு இழுத்து வருவர். இக்கருவியின் காரணமாக, குஜராத் கரையில் அந்த மீனுக்கே 'பேரல்' என்று பெயராயிற்று. ஓர் உயிரினத்துக்கு அதனைக் கொல்லும் கருவியின் பெயரையே இட்டு அழைத்ததற்கு வேறு எடுத்துக்காட்டு எளிதில் நினைவுக்கு வரவில்லை.

1990-களின் இறுதியில் ஓராண்டில் பல நூறு சுறாக்கள் இவ்வாறு கரையேற்றப்பட்டன. தில்லியைச் சேர்ந்த திரைப்பட இயக்குநர் மைக் பாண்டே இக்காட்சிகளைப் படமாக்கினார். 'ஷோர்ஸ் ஆஃப் சைலன்ஸ்' என்னும் அப்படம் 2000-ஆம் ஆண்டு பிரிட்டனின் வைல்ட்ஸ்கிரீன் விழாவில் பாண்டா விருது பெற்றது. அதே காலத்தில் தில்லியிலிருந்து இயங்கும் டிராஃபிக் இந்தியா நிறுவனம் குஜராத் கரையில் ஆய்வு நடத்தி, வணிகத்தின் அளவையும் போக்கையும் எழுத்தில் வைத்தது. படம் மனத்தைத் தொட்டது. அறிக்கை கோப்புக்கு ஆதாரம் தந்தது. இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருப்பின் அறிவிக்கை அவ்வளவு விரைவில் வந்திருக்குமா என்பது ஐயமே.

சட்டத்தின் வழி

இங்குச் சட்ட நிலையைச் சற்று விளக்குதல் வேண்டும். அரசியலமைப்பின்படி மீன்வளம் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். நாட்டின் கடல் எல்லைக்கு அப்பாற்பட்ட மீன்பிடிப்பு மட்டும் மத்தியப் பட்டியலில் உள்ளது. வன விலங்குகளையும் பறவைகளையும் பாதுகாப்பதோ, 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தத்தால் பொதுப்பட்டியலுக்கு மாற்றப்பட்டது. எனவே ஒரு சுறாவை 'மீன்' எனக் கொண்டால் அது ஒரு துறைக்கும், 'வனவிலங்கு' எனக் கொண்டால் வேறொரு துறைக்கும் உரியதாகிறது. மீன்வளத் துறையின் நோக்கம் பிடிப்பைப் பெருக்குவது. வனத்துறையின் நோக்கம் காப்பது. 2001-ஆம் ஆண்டு மே அறிவிக்கை இந்த மீனை முதல் துறையின் கணக்கிலிருந்து எடுத்து இரண்டாவது துறையின் கணக்கில் வைத்தது. வனவிலங்குச் சட்டத்தின் 61-ஆவது பிரிவு அட்டவணைகளை அறிவிக்கை மூலமே திருத்தும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளிப்பதால், இதற்கு நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் தேவைப்படவில்லை.

இந்த எளிமையே அடுத்த சிக்கலுக்கு இடமளித்தது. 2001-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் நாள் மற்றொரு அறிவிக்கை வெளியாயிற்று. இம்முறை சுறா, திருக்கை இனங்கள் அனைத்துமே முதலாவது அட்டவணையில் சேர்க்கப்பட்டன. நோக்கம் நன்று, துடுப்புக்காகச் சுறாக்கள் அழிக்கப்படுவது உலகெங்கும் கவலை அளித்து வந்த நேரம் அது. ஆனால் அந்த ஒரு வரியால், சுறாவைப் பிடித்த மீனவரும், தலைச்சுமையாக விற்ற பெண்ணும், ஏட்டளவில் புலியைக் கொன்றவருக்கு ஒப்பான குற்றவாளிகள் ஆயினர்.

தமிழகத்தில் இதன் பொருளை உணர்த்துவதற்குக் கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர்ப் பகுதி ஒன்றே போதும். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, இரவிபுத்தன்துறை முதலிய ஊர்களின் மீனவர்கள் ஆழ்கடல் சுறாப் பிடிப்பில் நாட்டிலேயே பெயர் பெற்றவர்கள். நீண்ட கயிறுகளில் நூற்றுக்கணக்கான தூண்டில்களைக் கட்டி, வாரக்கணக்கில் கடலில் தங்கி, இலட்சத்தீவுக்கும் அதற்கு அப்பாலும் செல்பவர்கள். அரசே ஆழ்கடல் மீன்பிடிப்பை ஊக்குவித்து வந்த காலத்தில், பெரும் அரசு உதவியின்றித் தங்கள் முயற்சியாலேயே அதனைச் சாதித்துக் காட்டியவர்கள் இவர்கள். தமிழ்நாட்டின் சமையலறைகளிலும் சுறாவுக்கு நிலையான இடம் உண்டு. பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுறாவைச் சமைத்துக் கொடுப்பது கடற்கரையில் மட்டுமன்றி உள்நாட்டு ஊர்களிலும் உள்ள வழக்கம். இவர்களுள் எவரும் திமிங்கிலச் சுறாவை வேட்டையாடியவர் அல்லர்.

நாட்டின் பல கடலோரங்களிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. மீனவர் அமைப்புகள் தில்லிக்கு முறையிட்டன. எந்த இனம் அருகி வருகிறது, எது வருவதில்லை என்பதை ஆராயாமல் அனைத்தையும் ஒரே கோட்டின் கீழ்க் கொண்டுவந்தது சரியா என மீன்வள அறிஞர்களும் வினவினர். 2001-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் அறிவிக்கை திருத்தப்பட்டது. திமிங்கிலச் சுறா, கங்கைச் சுறா, பாண்டிச்சேரிச் சுறா, வேளா மீன் எனப்படும் வாள்சுறா வகைகள் உள்ளிட்ட பத்து இனங்கள் மட்டும் அட்டவணையில் நிலைபெற்றன.

இதனைப் பின்வாங்கல் எனக் குறை கூறியோர் உண்டு. இக்கட்டுரையாளரின் கருத்து வேறு. ஐந்து மாதங்களுக்குள் தவற்றைத் திருத்திக்கொண்டதனால்தான் எஞ்சிய பத்து இனங்களுக்கான பாதுகாப்பு மீனவரின் கண்ணில் நியாயமானதாக நிற்க முடிந்தது. எல்லாம் தடை என்றால் எதுவும் தடை இல்லை என்பதுதான் நடுக்கடலில் விளைந்திருக்கும். எனினும் ஒரு குறையை மறைப்பதற்கில்லை. அந்த ஐந்து மாதங்களில் ஏற்பட்ட அவநம்பிக்கை கடற்கரைகளில் எளிதில் நீங்கவில்லை. சுறா பற்றிய எந்தப் புதிய அறிவிப்பையும் மீனவர்கள் ஐயத்துடன் நோக்குவதற்கு அது காரணமாயிற்று. துடுப்பு ஏற்றுமதிக்கு 2015-இல் தடை விதிக்கப்பட்டபோதும், 2022-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் மேலும் பல சுறா இனங்களைப் பட்டியலுக்குள் கொண்டுவந்தபோதும் இந்த ஐயம் மீண்டும் தலைகாட்டியது.

வலையை அறுப்பவர்

இனி குஜராத்துக்குத் திரும்புவோம். அறிவிக்கை வந்த பின்னரும் அங்கு உடனே எல்லாம் நின்றுவிடவில்லை. வனத்துறைக் காவலர்களுக்குக் காடு தெரியும், கடல் தெரியாது. அவர்களிடம் படகும் இல்லை. மீனவர்களுட் பலருக்கோ இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. இந்த மீன் அரியதென்றும் அவர்கள் கருதவில்லை; ஆண்டுதோறும் கண் முன்னே வந்துகொண்டிருப்பது எங்ஙனம் அரியதாகும்?

2004-ஆம் ஆண்டு தொடக்கத்தில் இந்திய வனவிலங்கு அறக்கட்டளை, குஜராத் வனத்துறை, டாட்டா கெமிக்கல்ஸ் நிறுவனம், விலங்கு நலத்துக்கான பன்னாட்டு நிதியம் ஆகியவை இணைந்து ஓர் இயக்கத்தைத் தொடங்கின. மீனின் உண்மை அளவில் காற்றடைத்த உருவம் ஒன்று ஊர் ஊராகக் கொண்டு செல்லப்பட்டது. தெருக்கூத்து போன்ற நாடகங்கள் நடைபெற்றன. இவை எல்லா இயக்கங்களிலும் காணப்படுபவையே. வேறுபாடு ஒன்றில் இருந்தது. இராமகதைச் சொற்பொழிவாளர் மொராரி பாபு இவ்வியக்கத்தின் தூதராக முன்வந்தார். அவர் பவநகர் மாவட்டத்தின் மஹுவா அருகேயுள்ள தல்காஜர்டாவில் பிறந்தவர். சௌராஷ்டிரத்தின் மீனவச் சமூகங்களிடையே அவர் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு.

அவர் சட்டத்தையோ தண்டனையையோ முன்வைக்கவில்லை. இந்த மீன் பிரசவத்துக்காகப் பிறந்த வீடு தேடி வரும் மகள் என்றார். வாசலுக்கு வந்த மகளைக் கொல்லும் குடும்பம் உண்டோ எனக் கேட்டார். தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்து வருவது நமக்கும் உரிய வழக்கமாதலால், இச்சொல் அம்மக்களின் நெஞ்சில் எவ்வாறு தைத்திருக்கும் என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 'பேரல்' என்ற பெயர் மறைந்து 'வ்ஹாலி' என்ற புதிய பெயர் வழங்கலாயிற்று. அன்புக்குரியவள் என்பது அதன் பொருள். போர்பந்தர் முதலாகக் கடலோர நகரங்கள் பலவும், கடற்கரையே இல்லாத அகமதாபாத்தும் இதனைத் தங்கள் அடையாளச் சின்னமாக ஏற்றன.

இவ்விடத்தில் அறிவியல் நோக்கில் ஒரு குறிப்பு. குஜராத் கடலில் இம்மீன் குட்டி ஈனுகிறது என்பது இன்னும் ஐயத்துக்கிடமின்றி மெய்ப்பிக்கப்படவில்லை. உவமை அறிவியலை முந்திக்கொண்டது எனலாம். அதனால் தீங்கு விளையவில்லை. ஆயினும் பாடநூல்களில் அதனை மெய்ப்பிக்கப்பட்ட உண்மைபோல எழுதுவது முறையாகாது.

சொல் மட்டும் போதுமா? திமிங்கிலச் சுறாவைத் தேடிச் சென்று கொல்லும் வேட்டை நின்றுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பிற மீன்களுக்காக விரித்த செவுள் வலையில் இது தானே வந்து சிக்கிக்கொள்கிறது. அப்போது மீனவர் முன் இரண்டு வழிகள் உள்ளன. மீனைச் சாக விட்டு வலையின் பெரும்பகுதியைக் காத்துக்கொள்ளலாம். அல்லது வலையை அறுத்து மீனை விடலாம். வலை என்பது நைலான் நூல் மட்டுமன்று. அது வணிகரிடமோ படகு உரிமையாளரிடமோ பட்ட கடன். அந்தப் பருவம் முழுவதற்குமான வருவாய்க்கு முதல். படகில் உள்ள கூலிகளின் பங்கும் அதனைச் சார்ந்தது. அறுபட்ட வலையை முடைவதற்குள் மீன் வரும் நாட்கள் கழிந்துவிடும்.

இதனை உணர்ந்து குஜராத் வனத்துறை, மீனை விடுவிப்பதற்காக அறுக்கப்பட்ட வலைகளுக்கு இழப்பீடு வழங்க முன்வந்தது. தொடக்கத்தில் அதன் உச்ச வரம்பு 25,000 ரூபாய். புதிய வலையின் விலைக்கு அது ஈடாகவில்லை என்பது மீனவர்களின் குறை; அக்குறையில் நியாயம் உண்டு. இழப்பீட்டுக்குச் சான்று வேண்டும் என்பது அடுத்த இடர். முதலில், செய்தி கிடைத்த பின் வனத்துறையினர் படகேறி வந்து பார்வையிட்ட பிறகே மீன் விடுவிக்கப்பட்டது. அதுவரை மணிக்கணக்கில் சுறா வலைக்குள் துடிக்கும். மீனவரும் தொழிலின்றிக் காத்திருப்பர். பின்னர் ஓர் எளிய மாற்றம் செய்யப்பட்டது. மீனவர்களிடமே நீர் புகாத கேமராக்கள் அளிக்கப்பட்டன. வலையில் சிக்கிய மீனையும், வலை அறுக்கப்படுவதையும், மீன் நீந்திச் செல்வதையும் அவர்களே படம் எடுத்தனர். அப்படமே சான்றாக ஏற்கப்பட்டது. மீன் வலைக்குள் கிடக்கும் நேரம் வெகுவாகக் குறைந்தது.

இந்த மாற்றத்தை அலுவலர்கள் கவனித்தல் வேண்டும். பயனாளியின் சொல்லை நம்பாமல் அலுவலரின் நேரடிப் பார்வையை மட்டும் சான்றாகக் கொள்வது நம் நிருவாகத்தின் நெடுநாள் வழக்கம். இங்கு அந்த வழக்கம் காக்கப்பட வேண்டிய உயிருக்கே ஊறு விளைவித்தது. மீனவரின் படத்தைச் சான்றாக ஏற்றபோது செலவும் குறைந்தது, நோக்கமும் நிறைவேறியது. இயக்கம் தொடங்கியதிலிருந்து இதுவரை தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட திமிங்கிலச் சுறாக்களைக் குஜராத் மீனவர்கள் தம் கையால் வலையறுத்து விடுவித்துள்ளனர். முன்பு கொக்கி எறிந்தவர்களுள் சிலரும் இவர்களில் அடங்குவர்.

அவ்வாறு எடுக்கப்படும் படங்களால் மற்றொரு பயனும் உண்டு. திமிங்கிலச் சுறாவின் கருஞ்சாம்பல் நிற முதுகில் சிதறியுள்ள வெண்புள்ளிகள் மீனுக்கு மீன் வேறுபடும். நம் கைரேகை போன்று மாறாதவை. செவுளுக்குப் பின்னுள்ள புள்ளிகளை ஒப்பிட்டால் ஒரே மீன் மீண்டும் வந்துள்ளதா என அறியலாம். இதற்குப் பயன்படும் கணிப்பு முறை, வானில் விண்மீன்களின் அமைப்பை ஒப்பிடுவதற்காக வானியலார் வகுத்ததாகும். 2005-ஆம் ஆண்டு முதல் அது சுறாவுக்கும் பயன்பட்டு வருகிறது.

எல்லை கடந்த பாதுகாப்பு

குஜராத்தில் விடுவிக்கப்பட்ட மீன் மறுமாதம் எந்த நாட்டுக் கடலில் இருக்கும் என்பது எவருக்கும் தெரியாது. மாலத்தீவு 1995-ஆம் ஆண்டிலும் பிலிப்பைன்ஸ் 1998-ஆம் ஆண்டிலும் இதன் வேட்டையைத் தடை செய்தன. 2002-ஆம் ஆண்டு சிலி நாட்டின் சாந்தியாகோவில் நடைபெற்ற, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான பன்னாட்டு உடன்பாட்டு மாநாட்டில், இந்தியாவும் பிலிப்பைன்ஸும் இணைந்து கொண்டுவந்த முன்மொழிவின் பேரில் திமிங்கிலச் சுறா அதன் இரண்டாம் பின்னிணைப்பில் சேர்க்கப்பட்டது. தன் கரையில் முதலில் தடை விதித்துவிட்டுப் பின்னர் உலக அரங்கில் பேசியதால் நம் சொல் அங்கு எடுபட்டது. இறைச்சிக்கு முதன்மைச் சந்தையாக இருந்த தைவானும் ஒதுக்கீட்டு அளவை ஆண்டுதோறும் குறைத்து, 2008-ஆம் ஆண்டு முதல் பிடிப்பை அறவே நிறுத்தியது.

பிலிப்பைன்ஸின் டோன்சோல் என்னும் சிற்றூரைப் பற்றியும் ஒரு சொல். அங்கு 1998-க்குப் பின் மீனவர்கள் இம்மீனைக் காட்டும் சுற்றுலாவுக்குப் படகோட்டிகளாகவும் வழிகாட்டிகளாகவும் மாறினர். குஜராத்திலும் இதனைச் செய்யலாமே என்ற யோசனை பலமுறை எழுந்துள்ளது. சௌராஷ்டிரக் கடல் கலங்கலானது, காற்றும் கடுமையானது, தெளிந்த பவளக்கடலில் எளிதாவது அங்கு எளிதாகாது. இலட்சத்தீவுக்கு அது பொருந்தக்கூடும். அங்கும், வருவாய் விடுதி முதலாளிக்குச் செல்லாமல் தீவு மீனவருக்குச் சேருமாறு முறை வகுத்த பின்னரே தொடங்குவது நலம்.

நம் கிழக்குக் கரையில் நிலைமை வேறு. மன்னார் வளைகுடாவிலும் ஆந்திரக் கரையிலும் அம்மணி உழுவை அவ்வப்போது வலையில் சிக்குவதும் கரையொதுங்குவதும் உண்டு. 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் விசாகப்பட்டினத்தை அடுத்த தந்தடிக் கடற்கரையில் கரைதட்டிய ஒன்றை மீனவர்களும் வனத்துறையினரும் சேர்ந்து கடலுக்குள் திருப்பி அனுப்பினர். குஜராத்தைப் போன்று ஆண்டுதோறும் ஒரே இடத்தில் திரளாமல், எங்கோ எப்போதோ ஒன்றாகத் தோன்றுவதால், இங்குத் தனி இயக்கம் நடத்துவது கடினம். கடலோரக் கோட்டங்களில் பணியாற்றும் வனத்துறை, மீன்வளத்துறை அலுவலர்கள் முன்கூட்டியே தமக்குள் பேசி, யாருக்குச் செய்தி சொல்வது, வலைக்கு யார் பொறுப்பு என்பதை மீனவர்களுக்கு எழுத்தில் தெரிவித்து வைப்பதே இங்குப் பயன் தரும். நள்ளிரவில் நடுக்கடலிலிருந்து தொலைபேசியில் அழைப்பவருக்கு இரு துறைகளும் ஒன்றையொன்று சுட்டிக்காட்டுவது பதிலாகாது.

வேட்டை நின்ற பின்னரும் கப்பல் மோதல், கைவிடப்பட்ட வலைகள், பிளாஸ்டிக் கழிவு ஆகியன இம்மீனை அச்சுறுத்துகின்றன. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2016-ஆம் ஆண்டு இதனை அழியும் நிலையிலுள்ள இனமென அறிவித்தது. எண்ணிக்கை விரைவில் பெருகாமைக்கு இதன் வாழ்நாள் கணக்கே காரணம். 1950-களிலும் 1960-களிலும் நிகழ்ந்த அணுகுண்டுச் சோதனைகளால் கடலில் கலந்த கரிமத்தின் அளவை முதுகெலும்பு வளையங்களில் அளந்து, பாகிஸ்தானில் பாதுகாக்கப்பட்டிருந்த பத்து மீட்டர் நீளப் பெண் சுறா ஒன்று இறக்கும்போது ஐம்பது வயதுடையதாக இருந்தது என 2020-ஆம் ஆண்டு அறிஞர்கள் கணித்தனர். இம்மீன் குட்டி ஈனும் பருவத்தை எய்த ஏறத்தாழ இருபத்தைந்து முதல் முப்பது ஆண்டுகள் ஆகின்றன. 2001-ஆம் ஆண்டு மே மாதத்தில், தில்லியில் அந்த அறிவிக்கை அச்சாகிக்கொண்டிருந்தபோது கடலில் குட்டிகளாகத் திரிந்தவற்றுள் பிழைத்தவை இப்போதுதான் அப்பருவத்தை நெருங்குகின்றன.